மிலிட்டரிக்காரருக்கு வாசித்த பாடங்கள்

வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசு ஆபீசில் நான் வாட்ச்மேனாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதற்கு முன்னால் போர்வெல் வண்டியில் வடக்கே சுற்றினேன். திருப்பூரில் துணி மூட்டை தூக்கினேன். தூத்துக்குடியில் உப்பு வாரினேன். கடைசியாக சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நின்றபோது இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்று கொடுங்கள் என்று அச்சக முதலாளி இந்த ஆபீசை வைத்திருந்த தன் சம்பந்தியிடம் சொல்லி அனுப்பினார். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் வீட்டை விட்டு ஓடியவனுக்கு அது மோசமான வேலை இல்லை. நிழல் இருந்தது. பொழுதுதான் போகாது.

காலையில் வேன்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆண்களிடம் பீடியும் தீப்பெட்டியும் இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்ப்பேன். எல்லோரும் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் போன் போகக் கூடாது. என் அறை வேலிக்கு வெளியே ரோட்டை ஒட்டி இருந்தது. போனை அணைத்து, கைக்குட்டையிலோ பழைய சேலைத் துண்டிலோ சுற்றி, என் அறையில் இருந்த மரத்தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். எந்தத் துணி யாருடையது என்று பார்த்ததும் தெரிகிற அளவுக்குப் பழகிப்போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால் சிலர் வேலிக்கு வெளியே வந்து போனைப் பார்ப்பார்கள். அதற்கு இடையில் யாரும் வேலை அறையை விட்டு எழுந்து வர முடியாது. நானும் உள்ளே போக முடியாது.

பொங்கல் கழிந்து ஆபீஸ் திறந்த சமயம், சரவெடிச் சரம் பின்னுகிற ஒரு பெண் போனை அணைக்காமல் கொடுத்தாள். பட்டன் போன். புருஷன் மிலிட்டரியில் இருந்தார். வேனில் எல்லோரும் அவளை மிலிட்டரிக்காரர் சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். அவர் அப்போது வடக்கே பனி விழுகிற மலையில் ஒரு காவல் போஸ்டில் இருந்தார். அங்கே நெட் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன், அதில் முறை வைத்துப் பேச வேண்டும். அவருடைய முறை முற்பகலில் வந்தது. அந்த நேரத்தில் இவள் உள்ளே சரம் பின்னிக்கொண்டிருப்பாள்.

போன் வந்தால் எடுத்துப் பேசச் சொன்னாள். என்ன பேச என்று கேட்டேன். ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டினாள். உள்ளே ஒரு பாடப் புத்தகம். புருஷன் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறாராம். ஒரே ஒரு பேப்பர் பாக்கி. புத்தகத்தை அனுப்பினால் அந்த மலைக்குப் போய்ச் சேருவதில்லை, இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. இவள் ஐந்தாவதோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு பத்தியை முடிப்பதற்குள் போன் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பட்டாளத்தில் இத்தனை வருடம் இருந்தால் பட்டத்துக்குச் சமம் என்று ஒரு சான்று கொடுப்பார்களே என்று கேட்டேன். எல்லாம் விசாரித்துவிட்டிருந்தாள். அது சில வேலைக்குச் செல்லுமாம், சில வேலைக்குச் செல்லாதாம். அவருக்கு சர்வீஸ் முடிய அதிக காலம் இல்லை. வெளியே வந்தபின் ஒரு தாலுகா ஆபீஸ் வேலைக்காவது பரீட்சை எழுத வேண்டும், அதற்கு உண்மையான பட்டம் வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். எங்கள் பக்கத்தில் மிலிட்டரியிலிருந்து வருகிறவர்கள் எங்கே போய் உட்காருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மில், பாங்க், ஏ.டி.எம்., பட்டாசு ஆபீஸ், எல்லாவற்றுக்கும் வாசல் இருக்கிறது.

"கோவிச்சுக்கிறாதீக அண்ணாச்சி," என்றாள். "அவுக வந்து இப்பிடி ஒரு கேட்ல உக்காந்திரக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டும்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பையை வாங்கி வைத்தேன்.

போன் வந்தது. எடுத்ததும் காற்றுச் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு குரல், அண்ணே வணக்கம்ணே என்றது. யாரென்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக வாசியுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். பேனாவில் மை உறைந்துவிடுகிறது, அதனால் பென்சில், அதுவும் கையுறையோடு, ஆகையால் இன்னும் மெதுவாக என்றார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சத்தம் போட்டு எதையும் வாசித்தது இல்லை. முதல் பக்கத்திலேயே நாக்கு உலர்ந்துபோனது. லாரி போகும்போது நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு பக்கம் முடிவதற்குள் பின்னால் யாரோ இந்தியில் அவசரப்படுத்தினார்கள். நாளைக்குண்ணே என்று வைத்துவிட்டார்.

வீட்டோடு பேசக் கிடைக்கிற நேரத்தைத்தான் அவர் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு நாலைந்து நாள் போன பிறகே உறைத்தது. அதன் பிறகு கடைசியில் கொஞ்ச நேரம் விட்டு நிறுத்துவேன். மகனுக்குக் காய்ச்சல் விட்டதா, ரேஷனில் அரிசி வந்ததா என்று கேட்பார். மத்தியானம் அவளிடம் கேட்டு மறுநாள் சொல்வேன். அவள் சொல்வதை அவரிடமும் அவர் சொல்வதை அவளிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சில விஷயங்களைச் சொல்லும்போது நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அந்தப் பாடம் சுற்றுலாவைப் பற்றியது. வரலாற்றுப் படிப்பில் சுற்றுலா எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு மிச்சமிருந்தது ஐரோப்பிய வரலாறு. அவளோடு வேனில் வருகிற ஒரு பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தில் தபாலில் படித்துக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவை எடுத்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் சுற்றுலாதான் என்று சொல்லித் தன் புத்தகத்தையே கொடுத்திருக்கிறாள். பளபளப்பான அட்டை, உள்ளே கலர் படங்கள். மிலிட்டரிக்காரருக்கும் சந்தோஷம்தான். ஐரோப்பாவில் அவர் இரண்டு முறை தோற்றிருந்தார்.

நான் வாசித்தேன். விடுதிகளுக்கு எதைப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், மலை வாசஸ்தலங்கள் பயணிகளை எப்படி ஈர்க்கின்றன, பனிச்சறுக்கு விளையாட்டினால் உள்ளூர் மக்களுக்கு என்ன வருமானம். பனிச்சறுக்கு வந்தபோது மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பில் எழுதுவதை விட்டுவிட்டார்.

"இதப் பாக்க துட்டு குடுத்து வாராகளாண்ணே? எங்களுக்குச் சம்பளம் குடுத்தும் இருக்க முடியல."

வேனில் வருகிறவர்களுக்கு நான் பாடம் நடத்துவது தெரிந்துவிட்டது. போனைக் கொடுக்கும்போது ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். இன்னைக்கு எந்த ஊருக்கு டூர் வாத்தியாரே என்று கேட்பார்கள். போர்மேன் மட்டும் சிரிக்க மாட்டார். முதலாளி வண்டி வந்தால் போனைக் கீழே வைத்துவிடு, வேலிக்கு வெளியே என்றாலும் பார்க்க நன்றாயிருக்காது என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. அவர் தம்பியும் பட்டாளத்தில் இருந்தவராம்.

பங்குனியில் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பாரம் எழுதத் துணைக்கு வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சிவகாசிக்கு பஸ் ஏறினோம். பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில் இருந்தது. அங்கே இருந்த கிளார்க் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். பதிவு எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது பழைய பாடத்திட்டத்து நம்பராச்சேம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஐரோப்பாதான். சுற்றுலா இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கிளார்க் பொறுமையாகத்தான் விளக்கினார். மற்ற மாணவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், மறுபடி புதிதாகச் சேர வேண்டும், புதிய பாடத்தைப் படிக்க வேண்டும். மிலிட்டரியில் இருப்பவர்களுக்கு மட்டும் பதிவை ரத்து செய்வது கிடையாது. அந்த வழக்கம் பல்கலைக்கழகம் தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது. எப்போது சேர்ந்தார்களோ அப்போதிருந்த பாடத்திலேயே எழுதி முடிக்கலாம். ஆனால் பழைய பாடத்தை இந்தத் தடவையோடு நிறுத்துகிறார்கள். இந்த முறை எழுதித் தேறாவிட்டால் தேறிய பேப்பர் எல்லாம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கிளார்க் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சின்ன வயதில் தலைமையிடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, தபாலில் படித்தவர்களில் பெரும்பகுதி பட்டாளத்துக்காரர்கள்தானாம். அவர்களுக்கென்று தனி அலமாரி, தனி மேசை. முகவரியில் ஊர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். பாடக் கட்டு எந்த மலைக்குப் போகிறது, எந்தப் பாலைவனத்துக்குப் போகிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. கூடாரத்தில் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதி, ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு, விடைத்தாள் மண்ணோடு திரும்பி வருமாம். சண்டை நடந்த சமயங்களில் சில கட்டுகள் பிரிக்கப்படாமலே திரும்பிவிடும். அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அலமாரியிலேயே வைத்திருந்தோம் என்றார். இப்போது அந்த அலமாரி எங்கே என்று கேட்டேன். கட்டடம் மாறியபோது என்ன ஆயிற்றோ என்றார். இவர்களுக்காக விட்டுவைத்த சலுகை இந்த அம்மாவைப் படுத்துகிறதே என்றும் சொன்னார்.

பழைய ஐரோப்பிய வரலாறு அவரிடம் ஒரு பிரதிகூட இல்லை. வீட்டில் இருக்குமே அம்மா என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாள். பழைய புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. புதிய புத்தகம் வந்ததும் இது இனி ஆகாது என்று எடுத்து வாசல் திண்டின் மேல் போட்டாள். மாமியார் வீட்டில் இருந்தபடியே சின்ன வெடிக்குக் குழாய் உருட்டுகிறவர். காகிதத்தைக் கம்பியில் சுற்றிப் பசை தடவி உருவி எடுத்தால் அதுதான் வெடியின் கூடு. கான்ட்ராக்டரிடமிருந்து காகிதம் வரத் தாமதமானபோது கைக்குக் கிடைத்ததை உருட்டிவிட்டார். எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றைக்கு உபயோகமில்லாத காகிதம் நாளைக்குக் குழாயாகிவிடும். பரீட்சை முடிந்த பிள்ளைகளின் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர் எல்லாம் அப்படித்தான் போகும். அதை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

அவள் வீட்டு வாசல்வரை போனேன். ஐரோப்பிய வரலாற்றின் அட்டை மட்டும் இருந்தது. கெட்டி அட்டை, குழாய்க்கு ஆகாது. அதை வைத்து மண்பானையை மூடியிருந்தார்கள். மாமியார் வேலையை நிறுத்தாமல், நீதானே ஆகாதுன்னு சொன்ன என்றார். அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். சுவரோரம் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேல் சுற்றில் பாதி வரி தெரிந்தது. பசை இறுகியிருந்தது. வைத்துவிட்டேன்.

மறுநாள் போன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சரிண்ணே, அப்ப விடுங்க என்றார். வீட்டில் யாரும் அவளைச் சத்தம் போட வேண்டாம், அவள் என்ன செய்வாள் என்றார். அவர் சிரிக்கிற ஆள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு எதையும் இறுகப் பிடித்துக்கொண்டு பழக்கம் இல்லை. ஒரு ஊர் சலித்தால் அடுத்த ஊர் என்று வாழ்ந்தவன். அந்த வாரமே வேலையை விட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏன் போகவில்லை என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஓய்வு நாளில் மறுபடி அந்தக் கிளார்க்கைப் போய்ப் பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, சாத்தூரில் ஒருவர் இருக்கிறார், பட்டாளத்தில் இருந்தபடியே இதே படிப்பை எங்களிடம் படித்தவர், தேறியதும் பூந்தி வாங்கிக்கொண்டு வந்தார், அதனால் ஞாபகம் இருக்கிறது என்று தெருவைச் சொன்னார்.

சாத்தூரில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் சம்சாரம், அவுக வேலைக்குப் போயிட்டாக என்று வழி சொன்னார். ரயில்வே லைனைத் தாண்டி ஒரு தீப்பெட்டி ஆபீஸ். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்த ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யாரையோ விசாரிக்க நினைத்து அவரிடம்தான் கேட்டேன். நான்தான் என்றார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு லோடு லாரி வந்தது. எழுந்து போய் வாசலைத் திறந்துவிட்டு வந்து, சொல்லுங்க என்றார். எனக்கும் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நானும் கேட் பார்க்கிறவன்தான் என்று சொன்னபோது தலையசைத்தார். அவர் பட்டத்தை வாங்கி வெளியே வந்தபின் சில வருடம் பரீட்சைகள் எழுதியிருக்கிறார். ஒன்றில் நேர்முகம் வரைக்கும் போனாராம். அதற்குள் மகள் கல்யாணம் வந்துவிட்டது. இது பக்கத்திலேயே இருந்தது என்றார். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. கதையை நிறைய தடவை சொல்லிச் சலித்தவர் மாதிரிச் சொன்னார்.

புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன என்றார். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எடைக்குப் போட்டா எவனாச்சும் குழாய் உருட்டிப்புடுவான்லா," என்றார். அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன்.

வேலை முடிகிற வரை அங்கேயே இருந்தேன். அவரோடு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கினேன். செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள், சில இடத்தில் இந்தியில் ஏதோ கணக்கு, ஒரு பக்கத்தில் தேநீர்க் கறை. தெரு முனை வரைக்கும் கூடவே வந்தார்.

"படிச்சிட்டு பத்திரமா குடுத்திருங்க. அந்தத் தம்பிட்ட நான் என்ன வேல பாக்கேன்னு சொல்லாதீங்க. பரிச்ச முடியிற மட்டும் சொல்லாதீங்க."

சித்திரை வெயிலில் ஐரோப்பாவை வாசித்தேன். ராஜாக்களின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் இறந்தால் அடுத்தவருக்கும் அதே பெயர். அவர், விடுங்கண்ணே, நம்பர் மட்டும் சரியாச் சொல்லுங்க என்பார். ரஷ்யாவுக்குப் போன படை பனியில் அழிந்த பாடம் வந்தபோது இடையில் நிறுத்தச் சொன்னார். அந்தப் படைக்கு என்ன செருப்பு கொடுத்திருந்தார்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். போடவில்லை.

பாதிப் பாடம் முடிந்திருந்த சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு ஆபீசில் வெடி விபத்து நடந்தது. எங்களுக்கும் சத்தம் கேட்டது. எல்லா ஆபீசையும் சோதனை முடியும் வரை மூடச் சொல்லிவிட்டார்கள். செத்தவர்களில் எங்கள் வேனில் வருகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அங்கே யாரையாவது தெரிந்திருந்தது. வேலை இல்லாவிட்டாலும் வாட்ச்மேன் இருக்க வேண்டும் என்பதால் நான் மட்டும் இருந்தேன். ஆள் இல்லை, அதனால் மரத்தட்டில் போனும் இல்லை.

செத்தவர்களின் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்வந்த மறுநாள் அவள் போனை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். ஊரிலிருந்து நல்ல தூரம். அவர் முறை வருகிற நேரத்துக்கு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது. இத்தனை மாதத்தில் வேலை நாளில் அவர் கூப்பிட்டு அவள் எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனேன். நான் நாலு அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிட்டாள். நல்லாருக்கேன், சாப்பிட்டீகளா, இந்தா அண்ணாச்சிட்ட குடுக்கேன் என்று சொல்லிப் போனை நீட்டினாள். ஆபீஸ் திறக்கிற வரை தினமும் அப்படித்தான் நடந்தது. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. அவள் மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பாடத்தைக் கேட்டாள். ஒரு நாள் மட்டும், இந்தப் புரட்சி நடந்துச்சே, அதுல ரொட்டி வெல குறைஞ்சுச்சா இல்லையா என்று என்னிடம் கேட்டாள். நான் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் குறைந்தது, பிறகு ஏறிவிட்டது என்றேன். அப்படித்தான் புரிந்தது எனக்கு.

கடைசி இரண்டு பாடம் வாசிக்க முடியவில்லை. அவர் லீவு கிடைத்துக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டார். ரயிலில் படிக்கலாம் என்றால் புத்தகம் என்னிடம் இருந்தது.

வந்த அன்றைக்கே புத்தகத்தை வாங்க வாசலுக்கு வந்தார். குரலை வைத்து நான் பெரிய உடம்பாக நினைத்திருந்தேன். ஒல்லியான ஆள். கன்னத்தில் தோல் வெடித்துக் கறுத்திருந்தது. எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. போனில் பேசிப் பழகியவர்கள் நேரில் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கும். உட்காரச் சொன்னேன். இருக்கட்டும்ணே என்று நின்றுகொண்டே இருந்தார். பாடத்தை நினைத்தால் பின்னால் போகிற லாரிச் சத்தமும் சேர்ந்து ஞாபகம் வருகிறது என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

பரீட்சை விருதுநகரில் ஒரு கல்லூரியில் நடந்தது. பழைய பாடத்துக்கு அந்த ஹாலில் ஒரே ஒரு வரிசைதானாம். அதில் பெரும்பாலும் ஒட்ட வெட்டிய தலைகள். ஒருவருக்கு நரைத்திருந்தது. அந்த ஒரு வரிசைக்காகத் தனியாக ஒரு கேள்வித்தாள் அச்சடித்து, தனி உறையில் வைத்துக் கொண்டுவந்து பிரித்தார்கள் என்று ஆச்சரியமாகச் சொன்னார். வாசிக்காமல் விட்ட பாடத்திலிருந்து பெரிய கேள்வி ஒன்று வந்திருக்கிறது. ராத்திரி தானே படித்ததை வைத்து எழுதினேன், ஆனால் காதில் கேட்டதுதான் ஒழுங்காக வந்தது என்றார். சில நாளில் லீவு முடிந்து போய்விட்டார். மறுநாள் அவள் வழக்கம்போல வேனில் வந்து இறங்கினாள்.

ஆவணியில் சீசன் சூடு பிடித்தது. ஆர்டர் குவிந்திருந்தது, உள்ளே யாருக்கும் தலை நிமிர நேரம் இல்லை. முற்பகலில் அவள் போன் அடித்தது. பாடம் முடிந்துவிட்டதால் அவர் வேலை நாளில் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். எடுத்தேன். பாஸ்ணே என்றார். யூனிட் கிளார்க் கம்ப்யூட்டரில் பார்த்தாராம். மூன்றாம் வகுப்பு. வீட்ல சொல்லிருங்கண்ணே என்று இன்னும் ஏதோ சொல்ல வந்தார், கட்டாகிவிட்டது.

நான் எழுந்து வேலிவரை போனேன். சரம் பின்னுகிற அறை தூரத்தில் தெரிந்தது. உள்ளே போகக் கூடாது, சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது. அங்கே யாராவது ஓடினாலோ கத்தினாலோ எல்லோரும் வேறு எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு லாரிக்குத் திறந்துவிட்டேன். போர்மேன் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவளுக்கு முன்னால் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மணி அடித்தது. அவள் கைகழுவி, தூக்குவாளியோடு வந்தாள். கை கழுவியும் விரல் ரேகைகளில் சாம்பல் நிறம் இருந்தது. சொன்னேன். நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். சாயங்காலம் வரை வேனில் யாரிடமும் சொல்லாதீக, மிட்டாய் கேப்பாக என்றாள். பாதிச் சோறு போனபின் கேட்டாள்.

"புஸ்தகம் குடுத்தாகளே சாத்தூர்க்காரவுக, அவுக இந்தப் படிப்ப முடிச்சவுகதான?"

ஆமாம் என்றேன்.

"இப்ப என்ன வேல பாக்காக?"

பரீட்சை முடியும் வரைதான் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். பரீட்சை முடிந்துவிட்டது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் இருக்கிறார் என்று சொன்னேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. தூக்குவாளியை வழித்து முடித்தாள். குழாயடியில் கழுவிக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள்.

"அவுக முடிக்கையில வயசு ஆயிருக்கும்," என்றாள். "இவுகளுக்கு இன்னும் வயசு இருக்கு."

எனக்கு அவர் எந்த வயதில் முடித்தார் என்று தெரியாது. இருக்கும் என்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தானும் சாத்தூருக்கு வருவதாகச் சொன்னாள். அவுக என்னென்ன பரீட்சை எழுதினாக, எந்த இடத்தில் விட்டுப்போச்சு என்று கேட்க வேண்டும் என்றாள். மணி அடித்துவிட்டது. போனைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.